தலைப்பும் வேற்றுமையுருபும்: இதழியல் முதுகலை பயிலும் தமிழ் மாணவருக்கு



அச்சு, இணைய இதழியலில் முதுகலைப் பட்டம் பெற விரும்பும் மாணவர் தொகை நம்மிடையே சிறியதே ஆயினும், அவர்களுள் தமிழில் எழுதப்போகிறவர்களை எண்ணியே இன்று பேச வந்துள்ளோம். நாம் இதழாளர் அல்லோம். மொழியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஆகவே செய்தி திரட்டும் முறை பற்றியோ ஒளிப்பதிவு பற்றியோ உரைக்கும் தகுதி நமக்கு இல்லை. செய்தியின் வாக்கியம் பற்றி மட்டும் சில கூறுவோம்.

இதழியல் பல்கலைக்கழகப் பாடமாகி நூறாண்டுக்கு மேலாகிறது. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகம் 1908இலும், புலிட்சரின் நன்கொடையால் கொலம்பியா பல்கலைக்கழகம் 1912இலும் அதற்கெனத் தனிப் பள்ளி தொடங்கின. நம் ஊரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பிக்கும் கல்லூரி, இதழாளராயிருந்து அதிபரான வீ கிம் வீயின் பெயர் தாங்கி நிற்கிறது. இவ்விடங்களிலெல்லாம் பயிற்றுமொழி ஆங்கிலம். அதைக் குறையென்று சொல்லவில்லை. ஆனால், ஆங்கிலத்தில் கற்ற முறையைத் தமிழ் வாக்கியத்துக்குள் கொண்டுவரும் வேலையை எந்தப் பாடத்திட்டமும் மாணவருக்காகச் செய்து தருவதில்லை. அதை அவரே செய்துகொள்ள வேண்டும்.

அந்த வேலை என்ன என்பதைச் சற்று விரித்துப் பார்ப்போம். தலையாய செய்தி முதலில் வரவேண்டும் என்பது வகுப்பறையில் கற்பிக்கப்படும் முதல் விதி. ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வினை வந்துவிடுவதால் விதி எளிதில் நிறைவேறுகிறது. தமிழிலோ வினைமுற்று இறுதியில் நிற்பது. நாமே இயற்றிய ஒரு வாக்கியம்: ‘தெம்பனிஸ் வட்டாரத்தில் நேற்றிரவு எட்டு மணியளவில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நான்காம் தளத்தில் மூண்ட தீயிலிருந்து முதியவர் ஒருவர் மீட்கப்பட்டார்.’ இலக்கணப் பிழை எதுவுமில்லை. அச்சுத்தாளில் கண் ஒரே பார்வையில் இறுதிவரை ஓடிவிடும். கைப்பேசித் திரையிலோ முன்னோட்டமாகத் தெரிவது முதல் ஆறேழு சொற்களே. இடமும் நேரமும் தெரிகின்றன. முதியவர் பிழைத்தாரா என்பது தெரியவில்லை. ‘தீயிலிருந்து முதியவர் ஒருவர் மீட்கப்பட்டார்’ என முடித்துவிட்டு, இடத்தையும் நேரத்தையும் அடுத்த வாக்கியத்தில் தரலாம். தமிழ் இதற்கு இடங்கொடாத மொழி அன்று. நீண்ட பெயரெச்சத் தொடரில் நமக்குள்ள பற்றுதான் தடை.

தலைப்பில் சிக்கல் இன்னும் ஆழமானது. இடச் சுருக்கம் கருதி நாளிதழ்கள் வேற்றுமையுருபை நீக்கி, வினையைத் தொழிற்பெயராக்கித் தலைப்பிடுவது நெடுநாள் மரபு. ‘பாதுகாவலர் தாக்குதல்: இருவர் கைது’ என்றொரு தலைப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தாக்கியவர் பாதுகாவலரா, தாக்கப்பட்டவர் பாதுகாவலரா? கைதான இருவர் யார்? அச்சுத்தாளில் இக்குழப்பம் நொடிப்பொழுதில் தீரும். தலைப்புக்குக் கீழேயே செய்தி இருக்கிறது. இணையத்திலோ தலைப்பு செய்தியை விட்டுப் பிரிந்து தனியே பயணம் செய்கிறது. வாட்ஸ்அப் குழுவில் அதைக் காண்பவருள் பலர் செய்தியைத் திறப்பதே இல்லை. குற்றமற்ற ஒரு தொழிலாளி, ஓர் ‘ஐ’ உருபு விடுபட்டதால், ஊரார் பார்வையில் குற்றவாளியாகிவிடலாம். ‘பாதுகாவலரைத் தாக்கிய இருவர் கைது’ என்று எழுதினால் ஐயத்துக்கே இடமில்லை. எழுத்தெண்ணிப் பாருங்கள்; முக்காற்புள்ளி நீங்கலாக இரண்டு தலைப்பும் ஒரே அளவுதான். இடச் சுருக்கம் என்னும் காரணம் இங்கே செல்லாது.

மூன்றாவதாக ஒன்று. பிறர் சொல்லக் கேட்டதைக் குறிக்கத் தமிழில் ‘ஆம்’ என்னும் இடைச்சொல் உண்டு. ‘தீ மூண்டதாம்’ என்றால் சொல்பவர் நேரில் காணவில்லை என்பது அச்சொல்லிலேயே விளங்கும். பேச்சுச் சாயல் உடையது என்று செய்திநடை இதனை விலக்கிவிட்டு, ‘கூறப்படுகிறது’, ‘நம்பப்படுகிறது’ என்பவற்றைக் கைக்கொண்டது. யார் கூறினார், யார் நம்பினார்? செயப்பாட்டுவினை அவரை மறைத்துவிடுகிறது. நம் பாட்டிமார் திண்ணையில் காட்டிய நேர்மை இதில் இல்லை என்றே சொல்வோம். ‘ஆம்’ வேண்டாமெனில் சொன்னவர் பெயரையோ பொறுப்பையோ எழுதட்டும். இரண்டும் இயலாதபோது அச்செய்தி இன்னும் வெளியிடும் பக்குவம் அடையவில்லை.

ஆசிரியர்களிடம் ஒரு சொல். நாளிதழ்த் தமிழைப் பிழைத்தமிழ் என்று வகுப்பில் எள்ளி ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே உள்ளது. கோ. சாரங்கபாணி 1935இல் ‘தமிழ் முரசு’ தொடங்கிய காலந்தொட்டு இந்நாட்டுத் தமிழ் உரைநடை பெரும்பாலும் நாளிதழ்ப் பக்கத்தில்தான் பயின்று வளர்ந்திருக்கிறது. மலேசியாவில் 1924இல் தோன்றிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றபோது, ஒரு நாளிதழோடு அன்றாடம் தமிழ் எழுதிப் பழகும் ஒரு பட்டறையும் மூடப்பட்டது. எஞ்சியுள்ள பட்டறைகளுக்கு ஆள் வேண்டும். எள்ளினால் ஆள் வரார்.

முதுகலைக்குச் செல்லும் மாணவர் முதலில் ஓரிரண்டு ஆண்டேனும் செய்தியறையில் பணியாற்றிவிட்டுச் செல்வது நன்று. ஓராண்டுக்குள் முடிந்துவிடும் படிப்புகள் பல, செலவோ பெரிது. என்ன கேட்க வேண்டும் என்று அறியாமல் போனால், கேட்கத் தெரியும்போது ஆண்டு முடிந்திருக்கும். ஆய்வேட்டுத் தலைப்புக்கு அலைய வேண்டியதுமில்லை. ஒரே செய்தி அச்சிலும் இணையத்திலும் தமிழில் எவ்வாறு எழுதப்படுகிறது என்பதை ஒரு மாத இதழ்களைக் கொண்டு ஒப்பிடலாம்: வினை எங்கே நிற்கிறது, எந்த உருபு விடுபடுகிறது, ‘கூறப்படுகிறது’ எத்தனை முறை வருகிறது, இணையத்தில் பின்னர் திருத்திய இடம் வாசகருக்குத் தெரிவிக்கப்பட்டதா. தமிழறியாத மேற்பார்வையாளருக்குச் சான்றுகளைச் சொல்லுக்குச் சொல் பிரித்து விளக்க வேண்டியிருக்கும். அதற்குக் கொஞ்சம் மொழியியலும் உடன் கற்றுச் செல்லுங்கள். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் இதே பயிற்சியைப் பத்துத் தலைப்புகளோடு ஒரு பாடவேளையில் நடத்தலாம். தலைப்பை மட்டும் முதலில் கொடுங்கள். மாணவர் ஊகித்ததை எழுதி முடித்த பின்னரே செய்தியைக் கொடுங்கள்.