பாதுகாப்பு அறை கோயில் ஆகாது

(லப்பைக்குடிக்காடு கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோயில் சாமியைப் பற்றிப் பேச இஸ்லாமியப் பெருமக்கள் வாழும் லப்பைக்குடிக்காட்டிலா மேடை போடுவது என்று சிலர் கேட்டார்கள். இங்கேதான் போட வேண்டும் என்றேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் எந்தத் தாயாவது பிள்ளையிடம் "சிலையைக் கும்பிட்டுவிட்டு வா" என்று சொன்னதுண்டா? "சாமி கும்பிட்டுட்டு வா" என்றுதானே சொல்வாள்? தெருமுனையில் மேளம் கேட்டால் "சாமி வருது, வாசலில் தண்ணி தெளி" என்றுதானே குரல் கொடுப்பாள்? சிலை என்ற சொல் எங்கே வருகிறது? காவல் நிலையத்தின் புகாரில் வருகிறது. சுங்கத் துறையின் தாளில் வருகிறது. ஏல விடுதியின் பட்டியலில் வருகிறது. நம்மை விட்டுப் போன பிறகுதான் சாமி சிலையாகிறார். அப்படிப் போன ஒருவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஸ்ரீபுரந்தான். இன்று அரியலூர் மாவட்டத்து ஊர். ஆனால் களவு நடந்த 2006-இல் அது நம் பெரம்பலூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 2007 நவம்பரில்தான் அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமானது. ஆகவே இது அடுத்த மாவட்டத்துக் கதை என்று யாரும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அங்கே பிரகதீஸ்வரர் கோயிலில் சோழர் காலத்து நடராஜர் இருந்தார். சுமார் 900 வருஷம் அந்த ஊரோடு இருந்தவர். கோயிலில் வழிபாடு நின்று, கதவு பூட்டிக் கிடந்தது. திருடர்கள் வந்தார்கள், எடுத்தார்கள், போனார்கள். ஊருக்கு எப்போது தெரிந்தது? 2008-இல் கதவைத் திறந்து பார்த்தபோது. உள்ளே இருந்த 8 உலோகத் திருமேனிகளும் இல்லை.

இரண்டு வருஷம் ஐயா! சாமி இல்லாத கோயிலின் முன்னால் இரண்டு வருஷம் நாம் சைக்கிளில் போனோம், ஆடு மாடு ஓட்டிக்கொண்டு போனோம், கன்னத்தில் போட்டுக்கொண்டும் போனோம். உள்ளே அவர் இல்லை. தினம் ஒரு அகல் விளக்கு அங்கே எரிந்திருந்தால், மறுநாள் மாலையே விளக்கு ஏற்றப் போனவர் அலறியிருப்பார்.

நாம் கவனிக்காத அந்த இரண்டு வருஷத்துக்குள் அவர் கடல் கடந்துவிட்டார். சுபாஷ் கபூர் என்ற நியூயார்க் வியாபாரி கைக்குப் போய், 2008-இல் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்துக்கு சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டார். அவரோடு இருந்த உமா பரமேஸ்வரி சிங்கப்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனாள். பிள்ளையார் அமெரிக்காவில் டொலீடோ நகரத்து அருங்காட்சியகத்துக்கு. ஒரு குடும்பத்தைப் பிரித்து மூன்று நாட்டில் விற்றார்கள்.

இதற்கு ஒரு பொய்த் தாளும் தயாரானது. 1970-களின் தொடக்கத்திலேயே இந்தச் சிலை இந்தியாவை விட்டுப் போய்விட்டது என்றது அந்தத் தாள். அந்தப் பொய்யை உடைத்தது எது தெரியுமா? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1994-இல் ஸ்ரீபுரந்தான் கோயிலுக்குள் எடுத்து வைத்திருந்த புகைப்படம். அந்த ஒரு படம் அவர் எந்த ஊர் என்று உலகத்துக்குச் சொன்னது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து நடராஜரைத் திருப்பிக் கொடுத்தார். நம் விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீஸ்வரரும் அதே நாளில்தான் திரும்பினார். சிலைக் கடத்தல் வழக்கு ஒன்றில் கபூருக்கு 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்து வருஷம் சிறை விதித்தது.

நடராஜர் திரும்பிய செய்தி வந்தபோது படித்தவர்கள் சிலர் எழுதினார்கள்: "அங்கேயே இருந்திருந்தால் என்ன? குளிர்சாதன அறை, நல்ல வெளிச்சம், காவல். நம் ஊரில் வௌவாலும் புழுக்கையும்தானே?" நன்றாகப் படித்தவர்கள்தான். ஆனால் உற்சவர் என்றால் யார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

கருவறையில் இருக்கும் மூலவர் அசையமாட்டார். நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். படுத்த படுக்கையாய்க் கிடக்கிற கிழவி எப்படிப் போவாள்? பிள்ளை பெற்று ஆறு நாள் ஆனவள் எப்படிப் போவாள்? கால் இழந்தவன் எப்படிப் போவான்? போக முடியாதவரைப் பார்க்க அவரே தெருவுக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான் உலோகத்தில் திருமேனி வார்த்தார்கள். அடிப்பீடத்தில் துளை இருக்கும், வளையம் இருக்கும். தண்டு கோத்துத் தோளில் தூக்குவதற்காக. கலைக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பவர் அந்த வளையத்தையும் பார்ப்பார். அது எதற்கு என்று கேட்கமாட்டார்.

வார்த்து முடித்த உடனே அது சாமி ஆகிவிடுவதில்லை. கண் திறக்கிறார்கள். தண்ணீரிலும் தானியத்திலும் வைக்கிறார்கள். யாகசாலைக் கும்பத்தில் இறைவனை வரவழைத்து, அந்த நீரை வார்த்த பிறகே அது திருமேனி. திருப்பணிக்காகக் கோயிலைப் பிரிக்க வேண்டுமென்றால் பாலாலயம் செய்து அந்த ஆற்றலை வேறிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் உளியை எடுப்பார்கள். ஒரு செங்கல்லைப் பெயர்க்கக்கூட அவரிடம் உத்தரவு கேட்கிற மரபு நம்முடையது.

நடராஜருக்கு வருஷத்தில் ஆறு நாள்தான் அபிஷேகம். மார்கழித் திருவாதிரை, ஆனி உத்திரம், சித்திரைத் திருவோணம், பிறகு ஆவணி, புரட்டாசி, மாசியில் சதுர்த்தசி. ஆறே ஆறு. 2006-லிருந்து 2014 வரை எட்டு வருஷத்துக்குக் கணக்குப் போடுங்கள். 48 அபிஷேகம் அவருக்கு நடக்கவில்லை. குளிர்சாதன அறை இருந்தது. ஒரு சொம்பு பால் இல்லை. நம் பாட்டிமார் திருவாதிரைக்குக் களி கிண்டினார்கள். யாருக்குக் கிண்டினார்கள்?

வெள்ளாற்றுக்கு அக்கரையில் இருக்கிற பெண்ணாடத்துக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் பிறந்த மண் அது. கடவுள் எந்த உருவத்துக்குள்ளும் அடங்காதவர் என்று நன்றாகத் தெரிந்தவர் அவர். அப்படிப்பட்டவர் தம் கடைசிச் சூத்திரத்தில் என்ன சொல்லி முடித்தார்? அடியார் வேடத்தையும் கோயிலையும் சிவன் என்றே கண்டு தொழச் சொன்னார். எழுநூறு வருஷத்துக்கு மேலாக இந்த ஆற்றங்கரையில் இருக்கிற ஞானம் இது. எங்கும் நிறைந்தவர்தான், ஆனாலும் மனிதன் கைகூப்ப ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில் அவர் நமக்காக வந்து நிற்கிறார். என்னைப் போன்றவனுக்கு அது போதும். என் தாயின் காதுத் தோட்டை அடகு வைத்த அன்று நான் தத்துவத்திடம் போகவில்லை. எங்கள் ஊர் அம்மனிடம்தான் போனேன். அவள் முகத்தைப் பார்த்து அழுதேன். அழுதுவிட்டு எழுந்து வேலைக்குப் போனேன்.

இப்போது எனக்குள் எரிகிற விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த நடராஜரை எங்கே கொண்டுபோனார்கள்? கும்பகோணத்தில் உள்ள உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையத்துக்கு. அங்கே மட்டுமா? திருவாரூரில் ஒரு மையம், இன்னும் பல ஊர்களில் மையங்கள். ஆயிரக்கணக்கான உற்சவர்கள் இப்படி அறைகளுக்குள் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். அங்கே பணிபுரிகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் காவலைச் செய்கிறார்கள். தீபமும் காட்டலாம். ஆனால் அவருடைய தெரு அங்கே இல்லை. அவருக்குத் தோள் கொடுத்த குடும்பம் அங்கே இல்லை.

லப்பைக்குடிக்காட்டுப் பெருமக்களே, இதை உங்களிடம் சொல்லத்தான் இங்கே மேடை கேட்டேன். வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பாத வீடு இந்த ஊரில் எத்தனை? உருவத்தை வணங்குவது உங்கள் மார்க்கத்தில் இல்லை. அதை நான் மதிக்கிறேன். ஆனால் வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட பிள்ளை எட்டு வருஷம் கழித்துத் திரும்பினால், "வீட்டில் பூட்டு சரியில்லை" என்று சொல்லி அவனைக் கும்பகோணத்தில் ஓர் அறையில் வைப்பீர்களா? பூட்டைத்தானே மாற்றுவீர்கள்? எங்கள் தவிப்பு உங்களுக்குப் புரியும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். கோயில் வாசலில் அகாலத்தில் வண்டி நின்றால் முதலில் பார்ப்பவர் யார்? ஊர் தூங்கும்போது சுபுஹுத் தொழுகைக்கு எழுந்து நடக்கிறவர்தான். அவர் ஒரு குரல் கொடுத்தால் போதும், ஊர் எழுந்துவிடும்.

சாமியை ஊருக்கு அனுப்பச் சட்டம் இடம் கொடுக்காது என்று சொல்லாதீர்கள். 1925-இல் கல்கத்தா குடும்பம் ஒன்றின் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் என்ன சொன்னது? தெய்வம் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர். தான் எங்கே இருப்பது என்பதில் அதன் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்றது. சொன்னது வெள்ளைக்கார அரசின் நீதிமன்றம்! 1976-இல் பத்தூர் என்ற ஊரின் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராஜர் லண்டனுக்குக் கடத்தப்பட்டார். அவரை மீட்க இடிந்துபோன கோயிலே வழக்காடலாம் என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-இல் ஒப்புக்கொண்டது. இடிந்த கோயிலின் உரிமையை லண்டன் மதித்தது. நாம் மதிக்க வேண்டாமா?

"திருப்பிக் கொடுத்தால் மறுபடியும் திருடு போகுமே" என்பார்கள். நியாயமான பயம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அதிகாரிகள் மட்டும் இல்லை, நாமும்தான். கும்பாபிஷேகத்துக்கு லட்சக்கணக்கில் வசூல் செய்கிறோம். கோபுரத்துக்கு வண்ணம் பூசுகிறோம். தளத்துக்குக் கிரானைட் போடுகிறோம். அடுத்த மாதம் விளக்குக்கு எண்ணெய் இல்லை. ஒரு கால பூஜைத் திட்டத்தில் அப்போது இருந்த 12,959 கோயில்களின் அர்ச்சகர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தர 2021-இல் அரசு முன்வந்தது. நல்லது. ஆனால் சொந்த ஊர்ச் சாமியின் விளக்கை அந்த உதவித்தொகையிடம் விட்டுவிட்டு வாரக்கடைசியில் வேன் பிடித்துப் பெரிய கோயிலுக்குப் போய்ச் சிறப்பு தரிசன வரிசையில் நிற்கிறோமே, அது பக்தியா?

கசப்பான இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். இந்தத் தெருவுக்குச் சாமி போகும், அந்தத் தெருவுக்குப் போகாது என்று கோடு கிழித்த ஊர்கள் நம்மிடம் உண்டு. வாசலுக்கு வராத சாமிக்காக எவன் இரவில் கண் விழிப்பான்? உற்சவர் எல்லார் தெருவுக்கும் போக வேண்டும். அவரை வார்த்ததே அதற்குத்தான்.

ஆகவே அரசிடம் கேட்கிறோம். கோயிலுக்கு இரும்புக் கதவு போடுங்கள், அபாயமணி வையுங்கள், வழிபாடு நடக்கிற ஊரின் சாமியை அந்த ஊருக்கே அனுப்புங்கள். முடியாத ஊருக்கு ஆண்டுக்கு ஆறு நாளாவது காவலோடு அவரைக் கொண்டுவந்து அபிஷேகம் செய்ய விடுங்கள்.

நம் வேலையை இப்போதே தொடங்குவோம். இளைஞர்களே, உங்கள் ஊர் உற்சவர் மண்டபத்துக்கு எழுந்தருளும்போது முன்னும் பின்னும் படம் எடுங்கள். உயரம், எடை, பீடத்தில் எழுத்து இருந்தால் அதையும் குறித்து வையுங்கள். ஒரு படி கோயிலில், ஒரு படி காவல் நிலையத்தில், ஒரு படி ஊரில் நாலு வீட்டில். 1994-இல் யாரோ எடுத்த படம்தான் நடராஜரை மீட்டது.

இந்த மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு பக்கம், வாரத்தில் ஏழு நாளுக்கும் ஏழு வரி. மாலையில் விளக்கு ஏற்றி, உள்ளே சாமி இருக்கிறாரா என்று கண்ணால் பார்த்துவிட்டு வர ஒரு பெயர். எங்கள் ஊர்ப் பக்கத்தில் வெள்ளிக்கிழமைக்கு என் பெயரை எழுதிவிட்டேன். மற்ற ஆறு வரியும் காலியாக இருக்கின்றன. பேனா அதற்குள்ளேயே இருக்கிறது.