பத்து நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்

(ஊத்துக்கோட்டையில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரை)



உங்கள் பள்ளிகளுக்கு வரும்போதெல்லாம் என்னிடம் ஒரு கேள்வி வருகிறது. "சார், அந்தப் பையன் மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சுப் பத்து நாள் ஆச்சு. ஒண்ணும் மாறலையே?" இன்று அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஏ.டி.எச்.டி. இருக்கிறதா என்று முடிவு செய்வதும் மருந்து எழுதுவதும் மருத்துவர் வேலை. நமக்கு வேறு வேலை இருக்கிறது.

இதற்கான மருந்துகளில் மெத்தில்ஃபெனிடேட் ஒரு தூண்டு மருந்து. சாப்பிட்ட அன்றே பலன் தெரியும். ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருவதால், எல்லா மருந்துக் கடையிலும் வாங்கிவிட முடியாது. அட்டோமாக்செட்டின் அப்படிப்பட்டதல்ல. முதலில் மனச்சோர்வுக்காக ஆராயப்பட்ட மருந்து அது. 2002-இல் அமெரிக்காவில் ஏ.டி.எச்.டி.க்கு அனுமதி பெற்றது. அடிமைப்படுத்தாது. நீங்கள் கேட்கும் பிள்ளைகளின் மருந்துச் சீட்டில் நான் பெரும்பாலும் பார்ப்பது இதைத்தான்.

இது என்ன செய்கிறது? 'பொறு, யோசி, எடுத்ததை முடி' என்று நம்மை நடத்துவது மூளையின் முன்பகுதி. அங்கே நரம்பு செல்கள் நாரட்ரினலின் என்ற வேதிப்பொருளை வெளியிட்டுச் செய்தி அனுப்புகின்றன. வெளியிட்டதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு புரதம் இருக்கிறது. அட்டோமாக்செட்டின் அந்தப் புரதத்தை அடைக்கிறது. அதனால் நாரட்ரினலினும், அந்தப் பகுதியில் டோபமினும் கூடுதலாகத் தங்குகின்றன.

அடைப்பது உடனே நடக்கிறது. நடத்தையில் தெரிவதற்கு வாரக்கணக்கில் ஆகிறது. கண்டலேறுவில் ஷட்டரைத் திறந்த அன்றே நம் ஜீரோ பாயிண்ட்டில் போய் நின்றுகொண்டு தண்ணீர் வரவில்லையே என்போமா? 152 கிலோமீட்டர் கால்வாய் அல்லவா! தவிர, தொடக்கத்தில் உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் அளவில்தான் கொடுப்பார்கள். பிறகுதான் 1.2 மில்லிகிராம் வரை உயர்த்துவார்கள். பத்தாம் நாளில் அந்தப் பையன் முழு அளவுக்கே வந்திருக்காமலும் இருக்கலாம். மாற்றம் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம். முழுப் பலனுக்குப் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம்.

பலன் வருவதற்கு முன்பே பக்கவிளைவு வந்துவிடும் என்பதுதான் சிக்கல். பசி குறையும், குமட்டும், வயிறு வலிக்கும், வகுப்பில் தூங்கி வழிவான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் முதல் ஷிஃப்ட்டுக்குப் போகும் அம்மா விடியற்காலையிலேயே மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். பிள்ளை காலை உணவுத் திட்டத்தில் சாப்பிடுவதோ பள்ளிக்கு வந்த பிறகு. நடுவில் வெறும் வயிறு. குமட்டாமல் என்ன செய்யும்? இதை அம்மாவிடம் சொல்லுங்கள். இரவு உணவுக்குப் பிறகு கொடுக்கலாமா என்று அவர் மருத்துவரிடம் கேட்கட்டும். பலருக்கு அப்படி மாற்றித் தருகிறார்கள். கேப்ஸ்யூலைப் பிரித்துப் பாலில் கலக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். உள்ளே இருக்கும் தூள் கண்ணில் பட்டால் எரிச்சல் தரும்.

அரிதான, ஆனால் விட்டுவிடக் கூடாத அறிகுறிகள் உண்டு. கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம். திடீர் எரிச்சல், ஒதுங்கி இருப்பது, 'செத்துடலாம்' என்ற பேச்சு ஆகியவற்றை முதல் சில மாதங்கள் கவனிக்க வேண்டும். 2005-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதற்குத் தனி எச்சரிக்கையே சேர்த்தது. இப்படி எதையாவது பார்த்தால் அன்றே பெற்றோரை அழைத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

நம் வேலை குறிப்பு எழுதுவது. 'பரவாயில்லை', 'சேட்டை அதிகம்' என்று எழுதினால் மருத்துவருக்குப் பயனில்லை. கணக்குப் பாடத்தில் எத்தனை முறை எழுந்தான், கொடுத்த ஐந்து கணக்கில் எத்தனை முடித்தான் என்று வாரம் ஒரு நாள், அதே பாடவேளையில் எழுதுங்கள். மருந்து தொடங்கும் முன்பே ஒரு வாரக் குறிப்பு இருந்தால் தங்கம். நாள் முழுதும் வேலையில் இருக்கும் பெற்றோர் பிள்ளையைப் பார்ப்பது இரவில் இரண்டு மணி நேரம். நாம் பார்ப்பது ஆறு மணி நேரம். ஆனால், "மாத்திரை போட்டியாடா?" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுவோம்.

நீண்ட நாளில் என்ன ஆகும்? முதல் ஆண்டில் எடையும் உயரமும் கொஞ்சம் பின்தங்கலாம். இரண்டு மூன்று ஆண்டுகளில் பெரும்பாலும் சரியாகிவிடும். எடையையும் உயரத்தையும் எப்படியும் பதிவு செய்கிறோம், அதை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்தால் முன்னேறிய பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 100-க்கு ஏறக்குறைய 38 பேருக்கு மறுபடி பழைய நிலை திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் 22 பேருக்கு. தொடர்ந்தால் நல்லது என்று இதிலிருந்து தெரிகிறது. நிறுத்தியும் பலர் சமாளித்தார்கள் என்பதும் இதில்தான் இருக்கிறது. ஆகவே ஆயுள் முழுதும் மருந்து என்று பெற்றோரைப் பயமுறுத்த வேண்டாம். எப்போது நிறுத்துவது என்று மருத்துவர் அவ்வப்போது பார்த்துச் சொல்வார்.

ஏப்ரல் கடைசியில் பெற்றோரைப் பார்க்கும்போது ஒன்று மட்டும் கேளுங்கள். "பள்ளிக்கூடம்தான் லீவாச்சே" என்று மே மாதம் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. ஜூனில் மறுபடி முதல் அளவிலிருந்து தொடங்கினால், முழுப் பலனைப் பார்க்கக் காலாண்டுத் தேர்வு வந்துவிடும்.