கம்ப்யூட்டரை மாற்றுவதற்கு முன் ஒரு கார்டு
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

போன கூட்டத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரை மாற்றிவிட்டுப் புதுசு வாங்கலாம், 45,000 ரூபாய் ஆகும் என்று பேச்சு வந்தது. சொன்ன காரணம் ஒன்றுதான். கேமரா பதிவுகளை வெளி ஹார்ட் டிஸ்கில் ஏற்ற ஒரு பகல் பொழுது போய்விடுகிறது, நடுவில் கரண்ட் போனால் மறுபடியும் உட்கார வேண்டியிருக்கிறது. "கொஞ்சம் பொறுங்கள், வேறு வழி இருக்கிறது" என்று நான் வாயை விட்டேன். பொருளாளர் சார் உடனே, "அப்படியானால் அடுத்த கூட்டத்தில் நீங்களே பேசுங்கள்" என்று மாட்டிவிட்டார். நான் படித்தது பி.காம்., பார்த்தது வங்கிக் கிளார்க் வேலை. அதனால் என் வீட்டில் நடந்ததைத்தான் சொல்ல முடியும்.

என் கம்ப்யூட்டர் 2010-ல் கும்பகோணத்தில் அசெம்பிள் செய்து வாங்கியது. போன வருஷம் அதன் ஹார்ட் டிஸ்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. உள்ளே சுமார் 400 ஜிபி. நம்ம ஊர் பாடைக் காவடிப் படங்கள், பேத்தியின் காதுகுத்து, அப்புறம் காலமான என் மனைவி பேசுகிற வீடியோக்கள். வேறெங்கும் பிரதி கிடையாது. ஆபீஸில் தினமும் கணக்கு முடிந்ததும் பேக்கப் எடுக்காமல் வீட்டுக்குக் கிளம்பாதவன், சொந்த வீட்டில் ஒரு நாள்கூட எடுக்கவில்லை.

பையன் புது வெளி டிஸ்க் வாங்கி அனுப்பினான். செருகினால் மூன்றரை மணி நேரம் ஆகும் என்று காட்டியது. மதியம் கரண்ட் போனது. என் யூபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கும், அவ்வளவுதான். மறுநாளும் அதே கதை. சத்தம் போடுகிற டிஸ்கை மணிக்கணக்கில் ஓட்டுவதும் பயமாக இருந்தது.

விஷயம் என்னவென்றால், என் கம்ப்யூட்டரில் இருந்தது யூஎஸ்பி 2.0. அது 2000-ல் வந்தது. காகிதத்தில் விநாடிக்கு 480 மெகாபிட். எட்டால் வகுத்தால் 60 எம்பி, கைக்கு வருவது 30, 35. அதற்கடுத்த 3.0 வந்தது 2008-ல், அதைவிடப் பத்து மடங்கு. ஆனால் இன்டெல் தன் சிப்செட்டிலேயே அதைச் சேர்த்தது 2012-ல்தான். அதற்கு முந்தைய பெட்டிகள் பலவற்றில் இல்லை. இந்த யூஎஸ்பியை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் அஜய் பட், பரோடாவில் படித்த நம் நாட்டுக்காரர். நான் இப்போது சொல்லப்போகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டிலும் அவர் பங்கு உண்டு.

அந்த ஸ்லாட் மதர்போர்டில் குட்டையாக இருக்கும். அதில் ஒரு யூஎஸ்பி 3.0 கார்டைச் செருகினால் பெட்டியின் பின்பக்கம் வேகமான போர்ட்டுகள் வந்துவிடும். நான் கொடுத்தது ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. நாலு போர்ட் என்றால் நாலு பங்கு வேகம் என்று நினைக்காதீர்கள். நாலு கவுன்டர் திறந்தாலும் பணப்பெட்டகத்துக்கு ஒரே வாசல். என் பழைய போர்டில் அந்த வாசல் விநாடிக்கு 250 எம்பிதான் விடும். என்னுடைய சுழலும் ஹார்ட் டிஸ்கே 100, 120-க்கு மேல் போகாது என்பதால் எனக்கு அது போதும்.

இரண்டு இடத்தில் ஏமாந்தேன். கார்டில் பவர் வயர் செருக ஒரு இடம் உண்டு, அதை நான் விட்டுவிட்டேன். டிஸ்க் வருவதும் மறைவதுமாக இருந்தது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து அன்று ராத்திரி தூங்கவில்லை. காலையில் பெட்டிக்குள் சும்மா தொங்கிய வயரைச் செருகியதும் சரியாயிற்று. அப்புறம் கேபிள். டிஸ்கோடு வந்ததை எங்கேயோ வைத்துவிட்டுப் பழைய போன் கேபிளைப் போட்டிருந்தேன். அது டிஸ்கின் வாயில் பாதியளவு நன்றாகவே பொருந்தும், வேலையும் செய்யும், ஆனால் பழைய வேகத்தில். கார்டு விற்ற கடைக்காரரை அநியாயமாகத் திட்டிவிட்டேன்.

சரியான கேபிளைப் போட்டதும் ஒரு மணி நேரம் சொச்சத்தில் முழுவதும் ஏறியது. மறு வாரமே பழைய டிஸ்க் நின்றுபோனது.

இனி நம் ஆபீஸ் பெட்டி. செயலாளரை வைத்துக்கொண்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். குட்டை ஸ்லாட் இரண்டு காலி, உபரி பவர் வயரும் இருக்கிறது. இருப்பது விண்டோஸ் 10, அதனால் தனி டிரைவர் தேட வேண்டியதில்லை. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் கார்டோடு வரும் சிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கீபோர்டு, மவுஸ் இரண்டையும் பழைய துளையிலேயே விடுங்கள். கம்ப்யூட்டர் கிளம்பும்போது பழைய போர்டுகளுக்குப் புதுக் கார்டு தெரியாமல் போகலாம்.

ஆபீஸில் 600 ஜிபி இருக்கிறது. இப்போது ஐந்து மணி நேரம், கார்டு போட்டால் இரண்டு மணிக்குள். ஆனால் ரசீது ஸ்கேன்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அவை மெதுவாகத்தான் போகும். ஒரே தொகை என்றாலும் நோட்டுக்கட்டை எண்ணுவதும் சில்லறை எண்ணுவதும் ஒன்றா?

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தக் கார்டு கம்ப்யூட்டரை இளமையாக்காது. அது திறக்க எடுக்கும் நேரம் குறையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டும் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. அதனால் சங்கத்தின் பேங்க் கணக்கை அந்தப் பெட்டியில் திறக்க வேண்டாம். எப்போதாவது மாற்றத்தான் வேண்டும். ஆனால் காப்பி ஏறவில்லை என்ற காரணத்துக்காக இந்த வருஷமே 45,000 செலவு செய்வதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

கார்டை என் செலவில் வாங்கி வைத்திருக்கிறேன். வேலை செய்தால் பில் தருகிறேன், இல்லாவிட்டால் என் வீட்டிலேயே கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறக்கிறேன். எனக்குக் கண் அவ்வளவு தெரியாது. டார்ச் பிடிக்க யாராவது ஒரு பிள்ளையை அனுப்புங்கள்.