தொட்டியில் புகுந்த மாற்று எண்ணெய்



பெரார்கஞ்சிலிருந்து ஜிர்காடாங் வழியாக வடக்கே செல்லவிருந்த நண்பர் ஒருவர், தம் டீசல் வண்டியில் பெட்ரோல் பாய்வதைப் பாதியில்தான் கண்டார். “கொஞ்சந்தானே, மேலே டீசலை ஊற்றி ஓட்டுங்கள்” என்றார் அருகில் நின்றவர். நண்பரோ சாவியைத் தொடவில்லை. வண்டி பிழைத்தது அதனால்தான்.

டீசல் வெறும் எரிபொருளன்று. உயர் அழுத்தப் பம்புக்கு மசகெண்ணெயும் அதுவே. பெட்ரோலுக்கு அந்தப் பசை இல்லை. உலோகத்தோடு உலோகம் உராய்ந்து, உதிரும் துகள்கள் இன்ஜெக்டர் வரை சென்று கெடுக்கும். இக்கால வண்டிகள் பலவற்றில் சாவியைத் திருப்பிய அளவிலேயே தொட்டிப் பம்பு இயங்கத் தொடங்கிவிடும், எஞ்சின் ஓடவேண்டுமென்பதில்லை. பெட்ரோல் வண்டியில் டீசல் புகுந்தால் தீமை சற்றுக் குறைவு. புகை கக்கி நின்றுவிடும். துப்புரவு செய்தால் பெரும்பாலும் மீளும்.

நிலப்பகுதியில் உள்ளவர்க்கு இது பணச் செலவு. இங்கோ, பம்பு பழுதானால் மாற்றுப் பொருள் கடல் கடந்து வரவேண்டும். சென்னையிலிருந்து கப்பல் வரவே ஏறக்குறைய மூன்று நாளாகும்.

தொட்டியை வடிக்கையில் குழாயை வாயால் உறிஞ்சுதல் கூடவே கூடாது. நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே கேடு. கலந்துபோன எண்ணெயைப் பெட்ரோலாகவே கருதித் தீயை விலக்குக, ஓடையில் கொட்டற்க. இங்கே ஓடை நீர்தானே பலருக்குக் குடிநீர்!

நண்பரின் வண்டியைக் கையால் தள்ளி ஓரங்கட்டினோம். தொட்டியை வடித்து, வடிகட்டியை மாற்றி, புது டீசல் ஊற்றி முடிக்கையில் பொழுது சாய்ந்தது. ஜிர்காடாங்கில் வண்டிகளைக் குறித்த நேரத்தில் கூட்டமாகத்தான் விடுவார்கள். மறுநாட் காலையில்தான் புறப்பட்டார். அதற்குள் தொட்டி மூடியில் ‘டீசல்’ என்று இந்தி, வங்காளம், தமிழ் மூன்றிலும் எழுதி ஒட்டிவிட்டார்.