நண்டும் சக்கரமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி வீராம்பட்டினத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



'இலக்கியத்தில் வேகம்' என்னும் பொருள் குறித்து உரையாற்ற வேண்டும் எனப் பணித்திருக்கிறீர்கள். இத்தலைப்பைத் தேர்ந்தவர்களுக்கு ஓர் உள்நோக்கம் உண்டு என்பதை நான் அறிவேன். நாற்பத்தைந்தாம் வயதில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட தமிழாசிரியை இந்த அவையில் நான் ஒருத்திதான். புதுச்சேரியில் பெண் வண்டி ஓட்டுவது வியப்பன்று. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருபது ஆண்டுகள் பள்ளிக்குச் சென்றுவந்தேன்; ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. கியர் வண்டியில் காலைத் தூக்கிப் போட்டு அமர்ந்த அன்று முதல் எல்லோரும் கேட்கிறார்கள். "இந்த வயசுல எதுக்கு?" என்பது அக்கேள்வி. அதற்கு விடை தேடியதே இன்றைய என் பேச்சு.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். விசையுந்து என்று எழுதுகிறோம்; ஈருருளி என்றும் எழுதுகிறோம். வீதியில் அது வண்டிதான். "வண்டி இருக்கா?" என்று கேட்டால் மாட்டு வண்டியை எவரும் நினைப்பதில்லை. மாடு போனபின்னும் பெயர் நின்றது. தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். நானும் இன்று வண்டி என்றே சொல்லப்போகிறேன்.

வேகம் நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. முல்லைத் திணையில் வினை முடித்த தலைவன், கார்காலம் வந்துவிட்டதே, அவள் காத்திருப்பாளே என்று பாகனை விரைவுபடுத்துகிறான். அவ்விரைவின் இன்பத்தைச் சங்கப் புலவர்கள் ஒளித்ததில்லை. ஆனால் அதே முல்லையில், அகநானூற்றின் நான்காம் பாட்டில், குறுங்குடி மருதனார் ஒரு தேரைக் காட்டுகிறார். துணையோடு பூவில் தேனுண்ணும் வண்டுகள் மருண்டுவிடக்கூடாது என்று தேர்மணியின் நாவை இழுத்துக் கட்டிவிட்டு வருகிறான் தலைவன். அவனுக்கு அவசரம் இல்லாமலில்லை. அவசரத்துக்கு நடுவே அந்த நினைப்பு வருகிறது.

நம் நெய்தலில் இன்னும் நுட்பமான காட்சி ஒன்று உண்டு. நற்றிணையின் பதினோராம் பாட்டு, உலோச்சனார் பாடியது. கடற்கரை மணலில் தேர் வருகிறது. சக்கரத்தின் பக்கம் ஓடும் நண்டுகள் நசுங்கிவிடாதபடி பாகன் கடிவாள வாரை ஆராய்ந்து செலுத்துகிறான். கானலில் நிலவு விரிந்திருக்கிறது. இந்தப் பாட்டைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவந்தேன். அருள் மிகுந்த பாட்டு என்று மட்டுமே சொல்லிக்கொடுத்தேன். வண்டி ஓட்டக் கற்றபின் அது தொழில் தெரிந்தவன் பாட்டு என்று தெரிந்தது. மணலில் சக்கரத்தைத் திடீரென்று திருப்பினால் தேர் சரியும். நண்டைக் காக்க வேண்டுமானால் நண்டு தெரிவதற்கு முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும். உலோச்சனார் தேர் ஓட்டினாரோ இல்லையோ, ஓட்டுகிறவன் கையைக் கூர்ந்து பார்த்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இந்த ஊர் மணலில்தான் நானும் பழகினேன். கோயிலுக்கு அப்பால் உள்ள திடலில் என் தம்பி பின்னால் நின்றுகொண்டு, "கிளட்சை மெதுவா விடுக்கா, மெதுவா" என்று கத்திக்கொண்டிருப்பான். ஆடி மாதம் செங்கழுநீர் அம்மன் தேர் ஓடுகிற ஊரில், இப்படி உருளாமல் நின்று போகிற தேரும் ஒன்று உண்டு என்று சிறுவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். நாற்பத்தைந்து வயதில் உடம்பு புதியதைக் கற்பது வேடிக்கையான செய்தி. அறிவு முதலில் புரிந்துகொள்கிறது. கை கால்கள் நம்ப மறுக்கின்றன. விரைவாகச் செல்லும் வண்டியை இடப்பக்கம் வளைக்க வேண்டுமானால், இடக் கைப்பிடியை முன்னோக்கி இலேசாக அழுத்த வேண்டும். அதாவது சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்பினால்தான் வண்டி இடப்பக்கம் சாய்கிறது. விமானம் கண்ட ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர் ரைட் மிதிவண்டியிலேயே இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். மிதிவண்டி ஓட்டும் எல்லோரும் இதைச் செய்கிறார்கள்; செய்கிறோம் என்பதை அறிவதில்லை. யாப்பு அறியாமல் தாலாட்டுப் பாடும் நம் ஆச்சிகளைப்போல.

பிரேக்கும் அப்படித்தான். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகிறது. தார்ச்சாலையில் வண்டியை நிறுத்தும் வலிமையின் பெரும்பகுதி முன்சக்கரத்தில்தான் இருக்கிறது; ஆனால் மணலில் அதே முன்பிரேக்கை இறுக்கினால் வண்டி வழுக்கும். சாலைக்கு ஒரு நியாயம், மணலுக்கு ஒரு நியாயம். 1955இல் சென்னையில் தொடங்கப்பெற்று, திருவொற்றியூரில் வண்டி கட்டிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் பழைய புல்லட்டுகளில் கியர் வலக் காலிலும் பிரேக் இடக் காலிலும் இருக்கும். அதில் பழகிய பெரியவர்கள் புதிய வண்டியில் ஏறினால், நிற்க நினைக்கையில் கால் கியரை மிதிக்கும். உடம்பின் நினைவு அவ்வளவு பிடிவாதமானது.

இன்பத்தைச் சொல்லாமல் ஆபத்தை மட்டும் சொல்வது நேர்மையாகாது. விடியற்காலையில் அரியாங்குப்பத்தைக் கடந்து சுண்ணாம்பாற்றுப் பாலத்தில் ஏறும்போது காற்றின் குளிர் ஒரு பாகை மாறுவதை முகம் அறிகிறது. காரில் செல்பவருக்கு ஆறு ஒரு காட்சி. வண்டியில் செல்பவருக்கு அது மணம், ஈரம், ஒலி. மரக்காணத்து உப்பளங்களை நான் பலமுறை பேருந்தில் கடந்திருக்கிறேன்; அங்கே காற்றுக்கே உப்புச் சுவை உண்டென்று வண்டியில் போனபோதுதான் அறிந்தேன். வளைவில் வண்டியோடு சேர்ந்து சாயும் அந்த ஒரு நொடியில் வீட்டுக்கடன் இல்லை, விடைத்தாள் கட்டு இல்லை, என் வயது இல்லை. இது எனக்கு எந்தப் பயனும் தருவதில்லை. பெட்ரோல் மிச்சம், நேரம் மிச்சம் என்று காரணம் கற்பிப்பவர்களை நான் நம்புவதில்லை. இது விளையாட்டு.

அந்த விளையாட்டின் விலை என்ன? நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களுள் இருசக்கர வாகனத்தில் சென்றவர் 74,897 பேர். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர், பின்னால் அமர்ந்தவர்களையும் சேர்த்து, 50,029 பேர். இவற்றைப் படிக்கும்போது எண்களாகத் தோன்றுகின்றன. இங்கே அமர்ந்திருப்பவர்களில் உறவிலோ தெருவிலோ ஒருவரைச் சாலைக்குக் கொடுக்காதவர் கை உயர்த்தலாம் என்றால் எத்தனை கைகள் உயரும்?

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து 1981இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். விபத்தில் சிக்கியவர்களில் 92 விழுக்காட்டினர் தாமாகவோ, உறவினர் நண்பரிடமோ ஓட்டக் கற்றவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் அந்தக் குறிப்பிட்ட வண்டியில் ஐந்து மாதப் பழக்கம்கூட இல்லாதவர்கள். ஓட்டத் தெரியும் என்பதும் இந்த வண்டியைத் தெரியும் என்பதும் வேறு வேறு. தம்பியிடம் மணலில் கற்ற நான், இதைப் படித்தபின் முறையான பயிற்சியாளர் ஒருவரிடம் மீண்டும் முதலிலிருந்து பழகினேன். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எட்டுப் போட்டுக் காட்டுவது தேர்வுக்குப் போதும். கடலூர்ச் சாலைக்குப் போதாது.

எழுத்தாளர்களுக்குத் தெரிய வேண்டிய கதை ஒன்று உண்டு. 'அரேபியாவின் லாரன்ஸ்' எனப் பெயர்பெற்ற டி. இ. லாரன்ஸ் இளமையில் தொல்லியலாளர். கார்க்கெமிஷ் அகழாய்வில் லியோனார்டு உல்லியுடன் பணியாற்றியவர். அந்த உல்லியைத்தான் பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறையைப் பார்வையிட அழைத்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத் துறைத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர் 1945இல் இதோ பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டினார். உலகம் அவ்வளவு சிறியது. லாரன்ஸ் முப்பது வயதைக் கடந்தபின் ப்ரஃப் சுப்பீரியர் வண்டிகளில் மயங்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வைத்திருந்தார். விமானத்தோடு போட்டியிட்டு ஓடியதை அவர் நூலொன்றில் எழுதியிருக்கிறார். 1935 மே 13 அன்று, தம் குடிலுக்கு அருகே, மிதிவண்டியில் வந்த இரு சிறுவர்களைத் தவிர்க்கத் திரும்பி விழுந்தார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து 46ஆம் வயதில் இறந்தார்.

அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ் என்னும் நரம்பியல் அறுவை நிபுணர். அவர் 1941இல் வெளியிட்ட கட்டுரையில், போர் தொடங்கிய 21 மாதங்களில் பிரிட்டனில் 2,279 மோட்டார் சைக்கிள்காரர்கள் இறந்ததையும், பெரும்பாலும் தலைக்காயமே காரணம் என்பதையும் காட்டினார். கவசம் அணிந்து விபத்துக்குள்ளானவர்கள் என அவர் கண்டது ஏழு பேரை மட்டுமே, எழுவரும் பிழைத்தனர். அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டிஷ் படை கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அது சட்டமாக 1973 வரை ஆயிற்று. பிற்காலத்து ஆய்வுகளின் தொகுப்பு, கவசம் இறப்பை ஏறக்குறைய 42 விழுக்காடும் தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாகச் சொல்கிறது.

நம் ஊரில் கவசம் அரசியலாயிற்று. 2019 பிப்ரவரியில் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி அதைக் கடுமையாக நடைமுறைப்படுத்த முற்பட்டதும், முதலமைச்சர் நாராயணசாமி ஆளுநர் மாளிகை முன் தர்ணாவில் அமர்ந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். தர்ணாவுக்கு வேறு காரணங்களும் இருந்தன. அதிகாரம் யாருடையது என்ற வழக்கில் எனக்கும் கருத்துண்டு; அது வேறு மேடைக்கு. மண்டையோட்டுக்குக் கட்சி இல்லை என்பதை மட்டும் இங்கே சொல்லி நகர்கிறேன்.

கவசம் ஓட்டுபவரைக் காக்கும். எதிரே வருபவரைக் காக்காது. இதனால்தான் எனக்கு மனுநீதிச் சோழன் கதை முக்கியமாகிறது. சேக்கிழார் சொல்வதில் இளவரசன் கொடியவனல்லன். கன்று தானாகவே சக்கரத்தில் வந்து அகப்பட்டது. ஆயினும் நீதி கேட்டு மணி ஒலித்தது. தந்தையின் நீதியைத்தான் நாம் மேடைதோறும் போற்றுகிறோம். அந்த மகன் திருவாரூர் வீதியில் எவ்வளவு வேகத்தில் தேர் விட்டான் என்று ஒரு பட்டிமன்றத்திலும் நாம் கேட்டதில்லை.

என் தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவன் கடலுக்குப் போகிறவன். கடலைவிடவா சாலை ஆபத்து என்று ஒருநாள் அவனிடம் வாதிட்டேன். வலையைத் தைத்துக்கொண்டே சொன்னான்: "நான் சோத்துக்குப் போறேன்க்கா. நீ சும்மா போற. அதுவும், கடலுக்குப் போறவன் வானத்தப் பாத்துட்டுதான் போறான். நீ எதப் பாத்துட்டுப் போற?"

முதல் பாதிக்கு என்னிடம் விடை இல்லை. அவனுடைய ஆபத்தையும் என்னுடையதையும் ஒரே தராசில் வைக்க எனக்கு உரிமை இல்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகும் மறுபடி கடலில் இறங்கியவர்களின் துணிவை, ஞாயிற்றுக்கிழமை உலா போகும் நான் கடன் வாங்கக் கூடாது. இரண்டாம் பாதிக்கு விடை தேடிக்கொண்டேன். அவன் பார்க்கும் காற்றும் நீர்நிறமும் போல, நான் பார்ப்பவை சில உண்டு: சக்கரத்தின் காற்று, சங்கிலியின் இறுக்கம், முந்தைய இரவு என் தூக்கம். மழையில் எடுப்பதில்லை. இருட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போவதில்லை. எழுபத்தெட்டு வயது அம்மா பின்னால் ஏறிக்கொள்ள ஆசைப்படுகிறார்; அவரை ஏற்றுவதில்லை. விளையாட்டு என்னுடையது, அதில் அவர் உயிரைப் பந்தயமாக வைக்க இயலாது. அதற்காக அவர் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஆபத்து இருக்கிறது. என் மகள், "சரிம்மா, ஓட்டு. ஆனா போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்று மட்டும் சொல்கிறாள். அந்தச் சொல்லில் எவ்வளவு அச்சம் அடங்கியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சாவியை எடுக்கிறேன். அடுத்த ஆண்டும் எடுப்பேனா என்பதை அடுத்த ஆண்டு என் கண்ணும் முழங்காலும் சொல்லும்.

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். இக்கரையில் இன்று வண்டி புகாத சந்து இல்லை. தலைவன் தேரில் வரும் நெய்தலை நாம் உரை எழுதிப் போற்றுகிறோம். மீன் கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு விடியுமுன் மொபெட்டில் சந்தைக்கு விரையும் நம் பெண்களைப் பற்றி இவ்வட்டத்தின் பத்தாண்டுத் தொகுப்பில் நான் தேடிய அளவில் ஒரு பாட்டும் இல்லை. அடுத்த தொகுப்பில் எதிர்பார்க்கிறேன்.

விழா முடிய இருட்டிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தீர்கள். அதனால் வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் பேருந்தில் வந்தேன். கடைசிப் பேருந்துக்கு இன்னும் சற்று நேரம் இருப்பதால், கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.