கிணற்றுக் கணக்கைத் தமிழில் கேளுங்கள்



ஆரணிப் பக்கம் தறியோடு கொஞ்சம் நிலமும் வைத்திருப்பவர்களுக்கு போர் போடுவது புதிய சங்கதி இல்லை. போர் வண்டி வந்து நிற்கும். ராடு ஒவ்வொன்றாக இறங்கும். செம்மண் நிறத்தில் வந்த தூள் சாம்பல் நிறத்துக்கு மாறியதும் "பாறை தட்டிடுச்சு" என்பார்கள். தண்ணீர் பீறிட்டால் எத்தனை இஞ்ச் என்று ஊரே கேட்கும். ஆனால் அந்தத் தண்ணீர் வரும் சித்திரையில் நிற்குமா என்பதுதான் நிலத்துக்காரரின் கவலை.

ஷேல் எரிவாயுக் கிணற்றுக்கும் இதே கவலைதான் பொருந்தும். ஷேல் என்பது சேறு படிந்து இறுகிய களிமண் பாறை. ஆரணிக்கு அடியில் இருப்பது பழமையான கருங்கல் பாறை. அதில் இந்த வாயு கிடையாது. காவிரிப் படுகையிலோ படிவுப் பாறை ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. 2013 அக்டோபரில் ஷேல் வாயுவைத் தேட ஓ.என்.ஜி.சி., ஆயில் இந்தியா ஆகிய நிறுவனங்களுக்கு மத்திய அரசு வழிவிட்டபோது, தேடும் இடங்களில் காவிரிப் படுகையும் ஒன்று.

அமெரிக்காவின் டெக்சாஸில் நிலத்தடி உரிமையும் கையில் இருக்கும் விவசாயிக்கு ராயல்டி உண்டு. எட்டில் ஒரு பங்கு என்பது அங்கே பழைய வழக்கம். அதனால் கிணற்றுக் கணக்கைப் படிக்க அவர் கற்றுக்கொள்கிறார். முதல் மாத அளவைப் பார்த்து மயங்கக் கூடாது என்பது அவருக்கு முதல் பாடம். ஷேல் கிணற்றில் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள்ளேயே வரத்து பாதிக்கு மேல் விழுந்துவிடும்.

நம் நாட்டில் நிலப்பகுதியில் எடுக்கும் எண்ணெய்க்கும் வாயுவுக்கும் ராயல்டி மாநில அரசுக்குப் போகிறது. விவசாயிக்குக் கிடைப்பது குத்தகைப் பணம். வயலில் குழாய் பதித்தால், 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி சேதத்துக்கு ஈடும், அந்த நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதமும். ஆகவே நம்மவர் பார்க்க வேண்டிய கணக்கு வேறு. ஷேல் பாறையைப் பிளந்து வாயு எடுக்க ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். அது எங்கிருந்து வரும்? மணலும் ரசாயனமும் கலந்து உள்ளே போவதில் ஒரு பகுதி உப்பேறித் திரும்பி வரும். அதை எங்கே கொட்டுவார்கள்? நன்னீர் ஊற்றைத் தாண்டும்வரை கேசிங் பைப்பைச் சுற்றிச் சிமெண்ட் இறுக்கியிருக்கிறதா?

2017 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த எண்ணெய், எரிவாயு வயல்களின் பட்டியலில் தன் ஊர்ப் பெயரும் இருந்ததைக் கண்ட பிறகுதான் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல் இப்படிக் கேட்கத் தொடங்கியது. அந்தப் பகுதியில் ஓ.என்.ஜி.சி. பல வருடங்களுக்கு முன்பே கிணறு தோண்டியிருந்தது. தோண்டிய காலத்திலேயே விவரம் தமிழில் கைக்கு வந்திருக்க வேண்டும்.

2020 ஜனவரியில், எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதியை மாற்றியது. இது தவறு என்பேன். திட்டத்தின் சுருக்கம் தமிழில் மக்கள் கைக்கு வருவதே அந்தக் கூட்டத்தை ஒட்டித்தான். அடுத்த மாதமே தமிழக சட்டமன்றம் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, ஷேல் வாயு உள்ளிட்ட புதிய கிணறுகளைத் தடை செய்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை. அந்தக் கிணறுகளுக்கு அருகில் பயிர் செய்கிறவர்களுக்கு மேலே சொன்ன கேள்விகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

டெல்டாவில் எண்ணெய்க் கிணறோ, நம் ஊரில் கல்குவாரியோ, தொழிற்பேட்டையோ, கையெழுத்துக் கேட்டு யார் வந்தாலும் அன்றே போட்டுவிடாதீர்கள். எந்த சர்வே எண், எத்தனை வருடம், எவ்வளவு தண்ணீர், வேலை முடிந்தபின் நிலம் எந்த நிலையில் திரும்பும் என்று தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தரவில்லையென்றால் சம்பந்தப்பட்ட அரசு அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். வரும் பதிலைப் பட்டாவோடு சேர்த்து வையுங்கள்.