சோறு கொட்ட வேண்டாம், தழை கட்டுங்கள்

(வாழ்வாதார உதவியாக ஆடு பெறும் சகோதரிகளுக்கான கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



வெளியே கட்டியிருக்கும் ஆடுகளின் சத்தம் இங்கே கேட்கிறது. உங்கள் மனம் அங்கே போய்விட்டது என்பதும் தெரிகிறது. ஆனாலும் கயிற்றைக் கையில் வாங்குவதற்கு முன் அரை மணி நேரம் எங்களுக்குக் கொடுங்கள்.

இந்த ஆடுகள் ஜகாத் நிதியிலிருந்து வாங்கப்பட்டவை. ஜகாத்தை உரியவரின் கையில் முழு உடைமையாக ஒப்படைத்துவிட வேண்டும். ஆகவே இன்று மாலையிலிருந்து ஆடு உங்களுடையது. வளர்ப்பதும் விற்பதும் உங்கள் விருப்பம். கணக்குக் கேட்க எங்களுக்கு உரிமை கிடையாது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்றுவிட்டேன் என்று ஒரு தாய் சொன்னால் அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் சொல்வோம். எங்களுக்கு வலிப்பது வேறு. நன்றாக மேய்ந்துகொண்டிருந்த ஆடு, அதுவும் சினை ஆடு, விடிந்து பார்த்தால் வயிறு ஊதிக் கிடக்கும். அந்தச் சகோதரி அடுத்த ஆட்டுக்கு எங்கே போவார்? பட்டியலில் காத்திருப்பவர்களைத் தாண்டி அவருக்கே மறுபடியும் கொடுக்க எங்களால் முடிவதில்லை.

அப்படிச் சாகும்போது கண்ணேறு என்பார்கள், யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் சண்டைகூட வரும். விசாரித்துப் பார்த்தால் பல நேரம் முதல் நாள் பக்கத்துத் தெருவில் கல்யாணம் நடந்திருக்கும். மிஞ்சிய நெய்ச்சோறோ பிரியாணியோ அண்டாவோடு வந்திருக்கும். வீணாகப் போகிறதே, வாயில்லாத ஜீவன் தின்னட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் கொட்டியிருப்பார்கள். அந்தச் சோறுதான் ஆட்டைக் கொன்றிருக்கும்.

எப்படி என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆட்டின் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. முதல் அறைதான் பெரியது. அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. தழையையும் புல்லையும் ஊறவைத்து, பக்குவப்படுத்தி, ஆட்டுக்குச் சத்தாக மாற்றித் தருபவை அவைதான். அவை மெதுவாக வேலை செய்யப் பழகியவை. திடீரென்று இரண்டு கிலோ சோறு உள்ளே போனால் மாவுச்சத்து வேகமாகப் புளிக்கிறது. நம் வீட்டு இட்லி மாவு இரவில் பொங்குகிறதே, அதைப் போல. அமிலம் பெருகி, நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து, அமிலம் இரத்தத்திலும் கலக்கிறது. ஆடு தீனி எடுக்காது, அசைபோடாது, பல்லைக் கடிக்கும், தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். வயிற்றைத் தட்டினால் தண்ணீர்க் குடம்போல் தளும்பும். புளித்த வாடையோடு கழியும். பிறகு படுத்துவிடும். ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும்.

சோறு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கஞ்சி, அரிசி, கோதுமை, மாவு, பழைய ரொட்டி எல்லாமே இதில் சேரும். ரமலானில் மிஞ்சும் நோன்புக் கஞ்சியும் அப்படியே. பக்ரீதுக்குக் கிடாவைத் தேற்றுகிறோம் என்று கடைசிப் பத்து நாளில் கிண்ணம் கிண்ணமாகக் கோதுமை வைப்பவர்களும் உண்டு. கிடா தேறுவதற்குள் விழுந்துவிடும். தானியம் கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஒரு கைப்பிடியில் தொடங்கி, இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

ஆடு சோற்றைத் தின்றுவிட்டது என்று தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். 20 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு ஆப்பச் சோடா 20 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டி, அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். தலையை அண்ணாந்து தூக்கிப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்; இருமினால் உடனே நிறுத்துங்கள். இது மருத்துவர் வரும்வரைக்கான கைவைத்தியம்தான். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் சேவை கிடைக்கும். அந்த எண்ணை இப்போதே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஜமாஅத் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வலீமா முடிந்ததும் மிச்சத்தையும் இலையையும் பிளாஸ்டிக் தட்டுகளையும் தெருமுனையில் கொட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். கறிக்கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். ஆட்டின் இரைப்பையிலிருந்து பந்தாகச் சுருண்ட பாலித்தீன் பைகள் எடுத்ததைச் சொல்வார். ஒரு கையால் ஜகாத் கொடுத்து மறு கையால் அந்த ஆட்டைக் கொல்வது நியாயமா?

சரி, என்னதான் கொடுப்பது? தழைதான். மாடு குனிந்து புல் மேயும். வெள்ளாடு நிமிர்ந்து, முன்னங்காலைத் தூக்கி வேலியில் வைத்துக் கொழுந்தைக் கடிக்கும். அதன் இயல்பு அது. நீங்கள் இன்று வாங்கப்போவது கொடி ஆடு. வெள்ளையில் கரும்புள்ளி விழுந்தது கரும்போறை, செம்புள்ளி விழுந்தது செம்போறை. இராமநாதபுரம், தூத்துக்குடி வெயிலுக்கும் வறட்சிக்கும் பழகிய இனம். வெளியிலிருந்து வரும் கொழுத்த இனங்களைப் பார்த்து ஏங்க வேண்டாம்; நம் கரிசலுக்கும் உவர்க்காற்றுக்கும் இதுவே தோது.

அகத்தி, முருங்கை, கிளிரிசிடியா, பூவரசு, வேம்பு, கொடுக்காப்புளி, வாகை என்று நம்மைச் சுற்றி இருப்பதே போதும். ஒரே தழையை நாள்தோறும் போடாமல் கலந்து போடுங்கள். சவுண்டல் என்கிற சூபாபுல் நல்ல புரதம் உள்ளதுதான், ஆனால் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தழையைத் தரையில் போடாமல் கட்டாகக் கட்டி, ஆட்டின் தலை உயரத்துக்குக் கயிற்றில் தொங்கவிடுங்கள். மிதித்து, சிறுநீர் பட்டுவிட்டால் ஆடு தொடாது. தரையில் கிடப்பதோடு புழு முட்டையும் உள்ளே போகும். காலையில் அறுத்ததைச் சில மணி நேரம் வாடவிட்டுக் கொடுப்பது நல்லது. கதிர் வராத இளஞ்சோளமும், வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்புச் சோளமும் விஷம். அந்தப் பக்கம் ஆட்டை விடவே கூடாது. சீமைக்கருவேல நெற்று பழுத்து உதிரும் காலத்தில் ஆடு ஆசையாகப் பொறுக்கித் தின்னும். மேய்ச்சலோடு கொஞ்சம் தின்றால் பரவாயில்லை. அதையே வயிறு நிறையத் தின்ன விடாதீர்கள்.

25 கிலோ ஆட்டுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 கிலோ பசுந்தழை வேண்டும். மேய்ந்து வந்தால் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். வசதிப்பட்டவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து அடர்தீவனம் கலந்து வைக்கலாம்: மக்காச்சோளம் அல்லது கம்பு 40 கிலோ, கடலைப் புண்ணாக்கு 25 கிலோ, தவிடு 32 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, சாதாரண உப்பு 1 கிலோ. புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தால் விலை மலிவு என்று வாங்காதீர்கள். வளரும் குட்டிக்கு 100 கிராம், சினை ஆட்டுக்குக் கடைசி இரண்டு மாதத்தில் 200 கிராம் போதும். சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். நாமே குடிக்கத் தயங்கும் தண்ணீரை ஆட்டுக்கும் வைக்காதீர்கள்.

அடுத்து மழைக்காலம். ஐப்பசி மழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. மழைக்குப் பின் கிளம்பும் இளம்புல்லை வயிறு முட்டத் தின்ற ஆடு, அதிலும் கொழுகொழுவென்று இருக்கும் குட்டி, திடீரெனத் துள்ளி விழுந்து செத்துவிடும். அதுதான் துள்ளுமாரி. வந்த பிறகு மருந்து கொடுக்க நேரம் இருக்காது. ஆண்டுதோறும் மழைக்கு முன் தடுப்பூசி போடுவது ஒன்றே வழி.

இன்னொன்று ஆட்டுக்கொல்லி நோய். பெயரே சொல்கிறது. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாய்ப்புண், கடுமையான கழிச்சல், பிறகு சளிக்காய்ச்சல். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான். 1987-இல் விழுப்புரம் பகுதியில் உள்ள அரசூரில். இதற்கு நெருங்கிய உறவான மாட்டு வெக்கை நோயைத் தடுப்பூசியாலேயே உலகம் 2011-இல் ஒழித்துக் காட்டியது. இதையும் 2030-க்குள் ஒழிக்க உலக அளவில் திட்டம் இருக்கிறது. ஒரு முறை ஊசி போட்டால் மூன்று ஆண்டுகள் வரை பாதுகாப்பு. ஊசி போட்டால் சினை கலையும், ஆடு இளைக்கும் என்ற பேச்சைக் கேட்டு முகாம் நாளில் ஆட்டை ஒளித்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். சினையைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள், ஒளித்துவைக்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே ஆடு இருந்தால் புதிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள்.

குடற்புழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஆட்டின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் நலம். வெளுத்திருந்தால் பெரும்பாலும் வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் புழு. தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கினால் முற்றிவிட்டது என்று பொருள். புழுக்கையை ஒரு சிறு டப்பாவில் எடுத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். பார்த்துவிட்டு மருந்து தருவார்கள். கடையில் கேட்டு வாங்கி, ஒரே மருந்தை மாதாமாதம் குறைத்துக் குறைத்து ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகிவிடும். சினைப்பட்ட தொடக்கத்தில் சில புழு மருந்துகள் குட்டிக்குக் கேடு. அதனால் சினை என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

சினைக்காலம் 5 மாதம். குட்டி விழுந்ததும் தொப்புளில் டிங்சர் அயோடின் தடவி, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கவையுங்கள். சீம்பால் கறந்து கொட்டப்பட வேண்டியது என்று சில வீடுகளில் இன்னும் நினைக்கிறார்கள். குட்டியின் முதல் தடுப்பு மருந்தே அதுதான். கிடாக்குட்டியைக் குர்பானிக்கு விற்க நினைப்பவர்கள் வயதைக் குறித்துவையுங்கள்: ஹனஃபி மத்ஹபில் ஒரு வயது நிறைந்தால் போதும், ஷாஃபி மத்ஹபில் வெள்ளாட்டுக்கு இரண்டு வயது நிறைய வேண்டும். நம் பகுதியில் வாங்குபவர்கள் இதைக் கேட்பார்கள். கண், கால், காது குறையில்லாமல் இருக்க வேண்டும் என்பதும் தெரிந்ததே. கல்லெறிந்து ஆட்டை விரட்டும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

இப்போது பெயர் கூப்பிடுவார்கள். வரிசையில் வந்து, ஆட்டின் காதுவில்லை எண்ணையும் உங்கள் அட்டையில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த ஊசி என்றைக்குப் போட்டது என்பது அட்டையில் எழுதியிருக்கிறது. இன்று இரவு வீட்டில் தழை இல்லாதவர்கள் வாசலில் இருக்கும் அகத்திக் கட்டில் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போங்கள்.